முகம் ஒருவருடையது, பெயர் வேறொருவருடையது



என் சகோதரியின் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு பயில்பவள். சில மாதங்களுக்கு முன் பழைய புத்தகக் கடையொன்றிலிருந்து ஓர் ஆங்கிலத் துப்பறியும் நாவலை வாங்கி வந்தாள். ‘ஜின் அண்ட் டாகர்ஸ்’ என்று அவள் தலைப்பை உரக்கப் படித்ததும், அடுக்களையிலிருந்த என் சகோதரி பதறிப்போய், “ஜின்னைப் பற்றிய புத்தகமெல்லாம் வீட்டுக்குள் எதற்கு?” என்று குரல் கொடுத்தார். இது அந்த ஜின் அன்று, மேல்நாட்டார் அருந்தும் ஒரு மதுவின் பெயர் என்று நான் விளக்கியபோது அவருடைய பதற்றம் தணிந்ததா, கூடிற்றா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை!

நூல் அப்படியொன்றும் அஞ்சத்தக்கதன்று. மர்மக்கதை எழுத்தாளர்களின் மாநாட்டிற்காக லண்டன் மாநகருக்குச் செல்கிறார் ஓர் அமெரிக்க அம்மையார். அங்கே அவருடைய நெடுநாள் தோழியான முதுபெரும் பெண் எழுத்தாளர் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறார். சந்தேகம் இந்த அம்மையாரின் மீதே விழுகிறது. கதை இவ்வளவுதான். ஆனால் என் மருமகள் கேட்டது கதையைப் பற்றியன்று, அட்டையைப் பற்றி.

“மாமா, எழுதியவர்கள் என்று இரண்டு பெயர் போட்டிருக்கிறது. ஜெசிகா ஃபிளெட்சர், டொனால்ட் பெயின். கதையில் வருகிற அம்மாவின் பெயரும் ஜெசிகா ஃபிளெட்சர்தான். அப்படியானால் தம்முடைய கதையைத் தாமே எழுதினாரா?”

இல்லை. ஜெசிகா ஃபிளெட்சர் என்றொருவர் இவ்வுலகில் பிறக்கவேயில்லை. அவர் ஒரு தொலைக்காட்சித் தொடரின் கதாபாத்திரம். பிறவாத ஒருவர் ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்களின் ஆசிரியராக விளங்குகின்ற விந்தையை அவளுக்கு விளக்கப் புகுந்து, அது ஒரு மாலைப் பொழுதையே எடுத்துக்கொண்டது. அவ்விவரங்களையே இங்கு உங்களுடனும் பகிர்ந்து கொள்கிறேன்.

கேபட் கோவ் என்னும் ஊர்

1984-ஆம் ஆண்டு செப்டம்பர் 30 அன்று அமெரிக்காவின் சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ‘மர்டர், ஷீ ரோட்’ என்னும் தொடர் தொடங்கிற்று. ‘கொலை என்று எழுதினாள் அவள்’ என்று பொருள் கொள்ளலாம். பீட்டர் ஃபிஷர், ரிச்சர்ட் லெவின்சன், வில்லியம் லிங்க் ஆகிய மூவர் இதனைப் படைத்தனர். இவர்களுள் பின்னவர் இருவரும், கசங்கிய மழைக்கோட்டு அணிந்த ‘கொலம்போ’ என்னும் புகழ்பெற்ற துப்பறியும் அதிகாரியை முன்னரே உருவாக்கியவர்கள்.

கதைநாயகி ஜெசிகா ஃபிளெட்சர் மெய்ன் மாநிலத்தின் கடலோரத்தில் உள்ள கேபட் கோவ் என்னும் சிற்றூரில் வாழ்பவர். ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை, கணவரை இழந்தவர், பிள்ளைகள் இல்லை. தனிமைத் துயரை மறக்க ஒரு மர்மக்கதையை எழுதி வைக்கிறார். அதை அவருக்குத் தெரியாமலே கணவர் வழி மருமகன் ஒரு பதிப்பகத்திடம் சேர்ப்பித்துவிட, நூல் பெரும் வரவேற்பைப் பெறுகிறது. அதன்பின் அவர் செல்லுமிடமெல்லாம் ஒரு கொலை நிகழ்கிறது! காவல்துறை தவறான ஆளைப் பிடித்து அடைக்கிறது. ஜெசிகா சிறு சிறு முரண்பாடுகளைக் கவனித்து, உண்மைக் குற்றவாளியைக் கண்டறிந்து, அப்பாவியை விடுவிக்கிறார். தொடக்கக் காட்சியில் அவர் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து எழுதுவதையும், ஊருக்குள் சைக்கிளில் செல்வதையும் காட்டுவார்கள். கேபட் கோவ் என்னும் அவ்வூரும் கற்பனையே. மெய்ன் மாநிலம் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ளது. ஊரின் வெளிக்காட்சிகளோ மேற்குக் கரையில், கலிஃபோர்னியாவின் மெண்டசீனோ என்னும் ஊரில் படமாக்கப்பட்டன.

இப்பாத்திரத்தை ஏற்றவர் ஆஞ்சலா லான்ஸ்பரி. 1925-இல் லண்டனில் பிறந்தவர். இத்தொடர் தொடங்கியபோது அவருக்கு வயது 58. இதனைச் சற்று நின்று எண்ணிப் பாருங்கள். மேல்நாட்டுத் திரையுலகில் நாற்பதைக் கடந்த பெண்மணிக்கு அன்னை வேடமும் அத்தை வேடமும் கிடைப்பதே அரிது. அறுபதை நெருங்கும் ஒரு கைம்பெண், யாருடைய துணையுமின்றி, தம் அறிவொன்றையே கருவியாகக் கொண்டு ஒரு தொடரைப் பன்னிரண்டு பருவங்கள் சுமந்தார். மொத்தம் 264 அத்தியாயங்கள். ஞாயிறு இரவு எட்டு மணி என்றால் அமெரிக்க இல்லங்கள் பலவற்றில் பாட்டியும் பேத்தியும் ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்க நிகழ்ச்சியாக அது நிலைபெற்றிருந்தது.

ஒன்றாக அமர்ந்து பார்க்கத்தக்கது என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. கொலை இதில் ஒரு புதிர், கண்காட்சியன்று. குருதி பீறிடுவதையும் உடல் சிதைவதையும் அருகில் நின்று காட்டும் பிற்காலத் தொடர்களைக் கண்டவர்கள், இதன் அடக்கத்தை வியப்பார்கள். பேராசை, பொறாமை, பழைய குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்னும் அச்சம் - இவையே பெரும்பாலும் கொலைக்குக் காரணங்கள். ஆயினும் கொலையைப் பொழுதுபோக்காக்குவது தகுமா என்று கேட்போர் இருக்கலாம். அக்கேள்வியை நான் புறந்தள்ளவில்லை. சின்னஞ்சிறு ஊரில் வாரந்தோறும் பிணம் விழுவதை அமெரிக்கர்களே கேலி செய்து, அமைதியான இடங்களில் அடுக்கடுக்காகக் கொலை நிகழும் கதைகளுக்குக் ‘கேபட் கோவ் நோய்’ என்று பெயர் சூட்டியுள்ளனர்!

தொடரின் முடிவு சற்று வருத்தத்திற்குரியது. முதியோர் பார்க்கும் நிகழ்ச்சியைவிட இளைஞர் பார்க்கும் நிகழ்ச்சிக்கே விளம்பரதாரர்கள் கூடுதல் தொகை தருவார்கள். பதினோரு ஆண்டுகள் ஞாயிறன்று ஒளிபரப்பான தொடர் 1995-இல் வியாழக்கிழமைக்கு மாற்றப்பட்டு, இளைஞர்களின் அபிமானத் தொடரான ‘ஃபிரண்ட்ஸ்’ ஒளிபரப்பாகும் அதே நேரத்தில் நிறுத்தப்பட்டது. பார்வையாளர் தொகை சரிந்தது. 1996 மே மாதத்தில் தொடர் முடிவுற்றது. இவ்வேடத்திற்காக எம்மி விருதுக்குப் பன்னிரண்டு முறை பரிந்துரைக்கப்பட்டும் லான்ஸ்பரிக்கு ஒருமுறைகூட அது கிட்டவில்லை. கோல்டன் குளோப் மட்டும் நான்கு முறை கிடைத்தது. 2022 அக்டோபரில், 97-ஆவது பிறந்தநாளுக்கு ஐந்து நாட்கள் இருக்கையில் அவர் காலமானார்.

காரை ஓட்டிய ஜெசிகா

தொலைக்காட்சித் தொடர்களைத் தழுவி நூல் வெளியிடுவது மேல்நாட்டில் பழைய வணிகம். இதில் இரு வகை உண்டு. ஒளிபரப்பான கதையையே உரைநடையாக்கித் தருவது ஒரு வகை. ஜெசிகா தொடரின் முதல் நூல்கள் இவ்வாறு வந்தவையே. எண்பதுகளின் நடுவில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பவர் மூன்று நூல்களை இம்முறையில் எழுதினார். பாத்திரங்களை மட்டும் கடன் வாங்கி முற்றிலும் புதிய கதையைப் புனைவது மற்றொரு வகை. 1989-இல் டொனால்ட் பெயின் எழுதிய ‘ஜின் அண்ட் டாகர்ஸ்’ இந்த இரண்டாம் வகையின் தொடக்கம். தொடர் நின்றுபோன பின்னரும் நூல்கள் நிற்கவில்லை. பெயின் மறைந்த பின்னரும் நிற்கவில்லை.

தொலைக்காட்சியில் ஜெசிகா ஓர் எழுத்தாளர் அன்றோ? எனவே நூல்களில் அவரே ‘நான்’ என்று தன்மையில் கதை சொல்கிறார். அட்டையிலும் அவர் பெயரே முதலில். உடன் எழுதியவர் என்பதாக டொனால்ட் பெயின் பெயர் அடுத்து வருகிறது. இத்தொடரின் பெரும்பாலான நூல்களின் அட்டையில் லான்ஸ்பரியின் புன்னகை பூத்த படமும் உண்டு. ஆக, முகம் ஒரு நடிகையுடையது. பெயர் இல்லாத ஒருத்தியுடையது. உள்ளே உள்ள சொற்களோ ஓர் ஆடவருடையவை! பாத்திரத்தைப் படைத்த மூவரின் பெயர்கள் சிறிய எழுத்தில் வேறோர் இடத்தில் இருக்கும்.

இவ்வாறு எழுதுபவரின் நிலை விசித்திரமானது. பாத்திரம் படத்தயாரிப்பு நிறுவனத்தின் உடைமை. அது பதிப்பகத்திற்கு உரிமம் அளிக்கிறது. பதிப்பகம் எழுத்தாளரை அமர்த்துகிறது. எழுதியதை நிறுவனம் படித்து ஒப்புதல் தரவேண்டும். பாத்திரத்தை எழுத்தாளர் தம் விருப்பப்படி மாற்றிவிட இயலாது. ஜெசிகா நூல்களில் ஸ்காட்லாந்து யார்டைச் சேர்ந்த ஜார்ஜ் சதர்லண்ட் என்னும் கண்ணியமான அதிகாரி ஒருவர் வருகிறார். இருவருக்கும் ஒருவர்மீது ஒருவருக்கு மதிப்பும் பரிவும் உண்டு. ஆனால் நூலுக்குப் பின் நூலாக அந்நட்பு நட்பாகவே நிற்கிறது. வாடகை வீட்டில் குடியிருப்போர் சுவரை இடித்துக் கட்ட இயலுமா?

வாடகைக்காரர் கவனக்குறைவாக இருந்துவிட்டால் கண்டுபிடிப்பவர் யார்? வீட்டு உரிமையாளர் என்று எண்ணுவீர்கள். இங்கேதான் சுவையான செய்தி உள்ளது. ‘ஜின் அண்ட் டாகர்ஸ்’ முதன்முதலில் வெளிவந்தபோது அதில் ஜெசிகா கார் ஓட்டினார். தொலைக்காட்சியில் அவர் கார் ஓட்டக் கற்காதவர். ஆகவேதான் சைக்கிளும் பிறருடைய வண்டியும். ஒப்புதல் தந்தவர்களின் கண்ணில் படாத இப்பிழை, வாரந்தவறாமல் தொடரைப் பார்த்துவந்த நேயர்களின் கண்ணில் பட்டது. சுட்டிக்காட்டினார்கள். 2000-இல் அந்நூல் மறுபதிப்பாக வந்தபோது இதுவும், இதுபோன்ற வேறு சில பிழைகளும் திருத்தப்பட்டன.

இதை ஓர் அற்ப விஷயம் என்று கருதிவிடாதீர்கள். இல்லாத ஒரு பெண்மணி, இல்லாத ஓர் ஊரில், இல்லாத ஒரு காரை ஓட்டலாமா கூடாதா என்பதற்காக முகமறியாத மக்கள் கவலைப்பட்டிருக்கிறார்கள். நம்பி வாசிக்கிறவனுக்கு நூலின்மேல் ஓர் உரிமை உண்டு. அவ்வுரிமையைப் பெயின் மதித்தார். பிற்கால நூல்களில் ஜெசிகா காரைத் தொடுவதில்லை. ஆனால் விமானம் ஓட்ட உரிமம் பெற்றுவிடுகிறார்! சாலையில் வண்டி ஓட்டத் தெரியாதவர் வானத்தில் ஓட்டுகிறார் என்னும் இந்தக் குறும்பை, வாடகை வீட்டில் பெயின் தமக்கென அடித்துக்கொண்ட ஓர் ஆணியாகவே நான் காண்கிறேன்.

பெயரில்லாமல் எழுதியவர்

டொனால்ட் பெயின் 1935-இல் பிறந்து 2017-இல் மறைந்தவர். அவர் எழுதியவை நூறு நூல்களுக்கும் மேல். ஆனால் நீண்ட காலம் அவர் பெயரை எவரும் அறியார். காரணம், அவர் பிறர் பெயரில் எழுதும் தொழிலினர்.

அறுபதுகளில் அவர் ஒரு விமான நிறுவனத்தில் மக்கள் தொடர்பு அலுவலராகப் பணிபுரிந்தார். 1967-இல் ‘காஃபி, டீ ஆர் மீ’ என்றொரு நூல் வெளிவந்தது. விமானப் பணிப்பெண்கள் இருவர் தம் அனுபவங்களை ஒளிவுமறைவின்றிக் கூறுவதாக அமைந்த அந்நூல் பல லட்சம் பிரதிகள் விற்றது. அதன் உள்ளடக்கம் நம் இல்லங்களுக்கு உகந்ததன்று, அது இருக்கட்டும். அட்டையில் இருந்த இரு பெண்களின் பெயர்களும் கற்பனை. எழுதியவர் பெயின். விளம்பரத்திற்காக உண்மையான பணிப்பெண்கள் இருவரை அழைத்து வந்து, அவர்களே எழுதியவர்கள் என்று ஊர் ஊராகக் காட்டினார்கள். பல்லாண்டுகள் கழித்தே உண்மை வெளிவந்தது.

பாருங்கள், இதுவும் இல்லாதவர் பெயரில் வந்த நூல். ஜெசிகாவின் நாவலும் இல்லாதவர் பெயரில் வந்த நூல். இரண்டும் ஒன்றாகுமா? என் மருமகள் ஒன்றென்றே வாதிட்டாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஜெசிகாவின் நூலைக் கையில் எடுப்பவர் எவரும் அவர் தொலைக்காட்சிப் பாத்திரம் என்பதை அறிவர். அறிந்தே விளையாட்டில் சேர்ந்து கொள்கின்றனர். உண்மையான எழுத்தாளரின் பெயரும் அங்கேயே இருக்கிறது. பணிப்பெண்களின் நூலை வாங்கியவரோ, இது நடந்தது என்று நம்பி வாங்கினார். ஒரு செய்தியைக் கேட்ட மாத்திரத்தில் ‘இதை உமக்குச் சொன்னவர் யார்?’ என்று கேட்கும் பழக்கம் எங்கள் வகுப்பறைகளில் இளம் பிராயத்திலேயே ஊட்டப்படுவது. அக்கேள்விக்கு அந்நூல் பொய் விடை சொன்னது. ஜெசிகாவின் நூல் சிரித்துக்கொண்டே மெய் விடையையும் சேர்த்துச் சொல்கிறது.

இன்னொன்றையும் இங்கே நோக்க வேண்டும். வாழ்நாளின் பெரும் பகுதியைப் பிறர் பெயருக்குப் பின்னால் கழித்த ஒருவர், தம் ஐம்பத்து நான்காம் வயதில் ஒரு கற்பனைப் பெண்மணியின் அருகில்தான் தம் பெயரைத் தொடர்ச்சியாகக் காணும் வாய்ப்பைப் பெற்றார். தம் வாழ்க்கை வரலாற்றிற்குப் பின்னாளில் அவர் சூட்டிய தலைப்பு ‘மர்டர், ஹீ ரோட்’. அதாவது, ‘கொலை என்று எழுதினான் அவன்’. ஒரேயோர் எழுத்தைச் சுருக்கிவிட்டு, அத்தனை ஆண்டுகளின் கணக்கையும் அவர் நேர்செய்து விட்டார் போலும்!

முகமும் பெயரும் மட்டும்

இவ்வணிகம் பிற்காலத்தில் வேறொரு திருப்பத்தைக் கண்டது. 2009 மார்ச்சில் ஏ.பி.சி. தொலைக்காட்சியில் ‘காசில்’ என்னும் தொடர் தொடங்கி 2016 வரை ஒளிபரப்பானது. அதில் ரிச்சர்ட் காசில் என்னும் நாவலாசிரியர், நியூயார்க் நகரக் காவல்துறைப் பெண் அதிகாரி ஒருவரின் பணியை உடனிருந்து கவனித்து, அவரை முன்மாதிரியாகக் கொண்டு ‘நிக்கி ஹீட்’ என்னும் பாத்திரத்தைப் படைப்பதாகக் கதை. கதைக்குள் அவர் எழுதுவதாகச் சொல்லப்பட்ட ‘ஹீட் வேவ்’ என்னும் நாவல், அதே ஆண்டு செப்டம்பரில் உண்மையாகவே கடைகளுக்கு வந்துவிட்டது! அட்டையில் ஆசிரியர் பெயர் ரிச்சர்ட் காசில். பின்னட்டையில் ஆசிரியர் படமாகக் காசில் வேடமேற்ற நடிகர் நேதன் ஃபில்லியன். வாசகர்களுக்குக் கையொப்பமிட்டுக் கொடுத்தவரும் அவரே. நூல் ‘நியூயார்க் டைம்ஸ்’ நாளிதழின் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. தொலைக்காட்சி நிறுவனம், பதிப்பகம் இரண்டும் அப்போது டிஸ்னி குழுமத்தின் கையில் இருந்ததால் எல்லாம் ஒரே வீட்டுக்குள் நடந்தேறின.

எழுதியவர் யார்? தொலைக்காட்சித் தொடர்களுக்கு எழுதிப் பழகிய டாம் ஸ்ட்ரா என்பவர் என்பது பின்னர் தெரியவந்தது. நூலின் அட்டையில் அவர் பெயர் இல்லை.

இதை விளையாட்டு என்று சிலர் பாராட்டினர். திறமையான விளையாட்டுத்தான், மறுக்கவில்லை. வாசகர் எவரும் ஏமாந்துவிடவில்லை என்பதும் உண்மையே. ஆனால் ஜெசிகாவின் நூலில் சிறிய எழுத்திலேனும் இருந்த அந்த இரண்டாம் பெயர் இங்கே அழிந்துவிட்டதே, அது எனக்கு உறுத்துகிறது. கூலி கொடுத்தாயிற்று, ஒப்பந்தத்தில் அவர் இசைந்துதானே கையெழுத்திட்டார் என்று கூறுவார்கள். கல்யாண வீட்டில் ஐந்நூறு பேருக்குப் பிரியாணி சமைத்தவருக்கும் கூலி கொடுத்துத்தான் அனுப்புகிறோம். ஆனாலும், ‘சமைத்தவர் யார்?’ என்று விருந்தினர் கேட்கும்போது மாப்பிள்ளையைக் கைகாட்டுவோமா?

இவ்வெழுத்தாளர்கள் தம் பெயருக்காக ஒன்றுகூடியதும் உண்டு. லீ கோல்ட்பெர்க், மேக்ஸ் ஆலன் காலின்ஸ் இருவரும் முன்னின்று, திரைப்படம், தொலைக்காட்சி முதலியவற்றைச் சார்ந்து நூலெழுதுவோருக்கென ஒரு சர்வதேசச் சங்கத்தை 2006-இல் நிறுவினர். ‘ஸ்கிரைப்’ என்னும் பெயரில் ஆண்டுதோறும் விருதும் வழங்கத் தொடங்கினர். இத்தகைய நூல்களை இலக்கிய உலகம் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை என்னும் குறை அவர்களுக்கு இருந்தது.

இந்த கோல்ட்பெர்க், அளவுமீறிய அச்சங்களால் அவதியுறும் ‘மங்க்’ என்னும் துப்பறிவாளரைப் பற்றிய தொடரைச் சார்ந்து பதினைந்து நாவல்கள் எழுதியவர். அட்டையில் அவர் பெயர் மட்டுமே ஆசிரியராக இருக்கும். கதையைச் சொல்பவர் மங்க்கின் உதவியாளரான நாட்டலி என்னும் இளம்தாய். ஆனால் அவரைக் கொண்டுவந்து அட்டையில் அமர்த்தவில்லை. 2006-இல் வெளியான முதல் நாவலின் கதையைத் தொலைக்காட்சித் தொடரே எடுத்துக்கொண்டு, அதே ஆண்டில் ஓர் அத்தியாயமாக ஒளிபரப்பியது. திரையிலிருந்து கடன் வாங்கிய நூல், திரைக்கே கடன் கொடுத்தது. வாடகைக்குக் குடிவந்தவர் கட்டிய அறை பிடித்துப்போய், உரிமையாளரே அதில் வந்து தங்கிய கதை இது! என்னைக் கேட்டால், மூன்று முறைகளுள் இதுவே நேர்த்தியானது. இவ்வளவும் தெரிந்த பின்னும், படிக்கத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் ஜெசிகாவைத்தான் எடுப்பேன் என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பெயினுக்குப் பிறகு ஜான் லாண்ட் என்பவரும், அவரை அடுத்து டெர்ரி ஃபார்லி மோரன் என்னும் பெண்மணியும் ஜெசிகா நூல்களை எழுதும் பொறுப்பை ஏற்றனர். ஒவ்வொரு முறையும் அட்டையில் இரண்டாம் பெயர் மாறியது. முதற்பெயர் மாறவில்லை. லான்ஸ்பரி அம்மையார் மறைந்த பின்னரும் புதிய நூல்கள் வெளிவந்தன. முகத்திற்குரியவர் போய்விட்டார், சொற்களுக்குரியவர் போய்விட்டார், பிறவாதவர் மட்டும் அந்த ஊரில் சைக்கிள் மிதித்துக் கொண்டிருக்கிறார்.

இவற்றையெல்லாம் நான் கூறி முடித்தபோது மஃரிப் நேரம் நெருங்கியிருந்தது. என் மருமகள் அந்தப் பழைய புத்தகத்தைப் புரட்டிப் பதிப்பாண்டு அச்சிட்டிருக்கும் பக்கத்தைத் தேடினாள். 2000-க்கு முந்திய பதிப்பா, திருத்திய பதிப்பா என்று தெரிந்துகொள்ளும் ஆவல் அவளுக்கு. அந்தப் பக்கம் கிழிந்து போயிருந்தது.

“பரவாயில்லை மாமா, ஜெசிகா கார் ஓட்டுகிறாரா இல்லையா என்று படித்தே கண்டுபிடித்து விடுகிறேன்” என்று சொல்லிவிட்டுப் புத்தகத்துடன் மாடிக்குப் போனாள்.